தேடாமல் கிடைக்கும் வீடு: வயதான பிறகு வருகிற இந்த நிம்மதி வெறும் சௌகரியம்தானா?

பதிவு 1 | செவ்வந்தி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 71 நடக்கிறது. 30 வருடத்துக்கு மேல் கணக்கு எழுதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. தனியாகத்தான் இருக்கிறேன்.

போன வருடம் வரைக்கும் பாதிப் பொழுது எனக்குத் தேடுவதிலேயே கழியும். மூக்குக்கண்ணாடி, சாவி, மருந்துச் சீட்டு, எங்கோ குறித்து வைத்த போன் நம்பர். தேடும்போது வருகிற எரிச்சல் பொருள் மேல் வராது, என் மேல்தான் வரும். ஞாபகம் குறைகிறதோ என்ற பயமும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒருநாள் பரணில் இருந்த பையை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். ஸ்டூல் ஆடிவிட்டது. விழவில்லை, அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். இறங்கத் தைரியம் வராமல் அப்படியே நின்ற அந்த இரண்டு நிமிடத்தில்தான் யோசித்தேன்: இந்த வீட்டை நான் அடுக்கியது என் 40 வயதில். எனக்கு வயதாகிவிட்டது, வீட்டுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

மறுநாளே தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு இழுப்பறை, இல்லாவிட்டால் அலமாரியில் ஒரு தட்டு, அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் முதுகு வலிக்கும், மனசும் சலித்துவிடும். நான்கு மாதம் பிடித்தது. தினமும் எடுக்கிற பொருள் எல்லாம் தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே. எப்போதாவது வேண்டியிருப்பது அதற்கு அடுத்த தட்டில். தலைக்கு மேல் கை தூக்கி எடுக்க வேண்டிய எதுவும் இப்போது வீட்டில் கிடையாது. பரண் காலி. வாசல் கதவையொட்டி இடுப்பு உயரத்தில் ஒரு சிறு பலகை. அதில் சாவிக்கு ஓர் ஆணி, பைக்கு ஓர் ஆணி, வருகிற தபாலுக்கு ஒரு தட்டு. உள்ளே நுழைந்ததும் சாவி தானாக ஆணிக்குப் போய்விடுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது நாற்காலியைப் பற்றி. பழைய சோபா தாழ்வானது. எழுந்திருக்க முன்னும் பின்னும் மூன்று தரம் ஆட வேண்டும். அதை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, கை வைத்த, கொஞ்சம் உயரமான மர நாற்காலி ஒன்றை ஜன்னலோரம் போட்டேன். இடது தோளுக்குப் பின்னாலிருந்து விளக்கு வெளிச்சம் விழும். வலது கைக்கு எட்டும் இடத்தில் சின்ன மேசை. அதில் கண்ணாடி, பேனா, தண்ணீர், பாதி படித்த புத்தகம். சாயங்காலம் உட்கார்ந்து கையை நீட்டினால் வேண்டியது கையில் இருக்கிறது. அப்போது எனக்குள் ஏதோ ஒன்று அடங்குகிறது. வேலைக்குப் போன காலத்திலும் சரி, பிள்ளைகளை வளர்த்த காலத்திலும் சரி, இப்படி அடங்கி உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

போன வாரம் வந்த என் தோழி சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நிம்மதி இல்லைடி, சௌகரியம். இதுக்குப் பழகிட்டா ஆள் மந்தமாயிடுவே" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனசுக்காரி, என் மேல் அக்கறையில்தான் சொன்னாள். அதனாலேயே அது மனசில் முள்ளாக நிற்கிறது. அவள் சொல்வது சரியா? இந்த வயதில் இருப்பவர்கள், பெரியவர்களோடு இருப்பவர்கள் சொல்லுங்கள்.


பதிவு 2 | நடுமாடி

அம்மா, எனக்கு 66. உங்கள் பதிவைப் படித்ததும் எழுந்து போய் என் வீட்டில் தலைக்கு மேலே என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். வாரம் மூன்று தரம் எடுக்கும் இஸ்திரிப் பெட்டி அலமாரியின் உச்சியில் இருக்கிறது. ஏன் அங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. 20 வருடமாக அங்கேதான் இருக்கிறது. இப்போதே கீழே இறக்கிவிட்டேன்.


பதிவு 3 | ஒற்றையடி

சகோதரி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தோழி பக்கம்தான் நான் நிற்கிறேன், ஆனால் காரணம் வேறு.

எனக்கு 74. என் வீடு உங்கள் வீட்டைவிட ஒழுங்காகவே இருக்கும். மனைவி போன பிறகு செய்ய வேறு வேலை இல்லை, அடுக்கினேன். பில்கள் வருட வாரியாகக் கோப்பில் இருக்கின்றன. சுத்தியல், திருப்புளி, குறடு எல்லாவற்றுக்கும் சுவரில் உருவம் வரைந்து மாட்டியிருக்கிறேன். எதையும் தேடுவதில்லை. காலையில் ஒரு பொருளை எங்கே வைத்தேனோ சாயங்காலமும் அது அங்கேயே இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் இருந்த காலத்தில் ஒரு திருப்புளி வைத்த இடத்தில் இருந்ததில்லை, கத்தித் தீர்ப்பேன். இன்று யாராவது அதை எடுத்து வேறு இடத்தில் போட்டுவிட்டுப் போனால் சந்தோஷப்படுவேன்.

வீடு அடுக்காக இருப்பதும் மனசு நிறைவாக இருப்பதும் ஒன்று என்று சொல்லாதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டில் அடுக்கு எதற்கு?


பதிவு 4 | கைத்தாங்கல்

செவ்வந்தி அம்மா, நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். வயதானவர்கள் வீட்டுக்குப் போய், அங்கே அவர்கள் எப்படி நடக்கிறார்கள், எழுகிறார்கள், எட்டி எடுக்கிறார்கள் என்று பார்த்து மாற்றங்கள் சொல்வது என் வேலை. 19 வருடமாகச் செய்கிறேன். உங்கள் தோழி சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பது முக்கியம்.

முதுமையையும் இருப்பிடத்தையும் சேர்த்துப் பார்த்தவர்களில் லாட்டன், நஹெமோவ் இருவரும் 1973-இல் ஒரு கருத்தை வைத்தார்கள். எங்கள் படிப்பில் இன்றும் அதுதான் அடிப்படை. ஒரு பக்கம் மனிதரின் திராணி: கால் வலு, பார்வை, ஞாபகம். இன்னொரு பக்கம் வீடு அவரிடம் கேட்கிற உழைப்பு: படிகள், உயரத் தட்டுகள், வழுக்கும் தரை, மங்கலான விளக்கு. வீடு கேட்பது திராணியைவிட மிக அதிகமானால் ஆள் விழுவார், பயந்து ஒடுங்குவார். வீடு எதையுமே கேட்காவிட்டாலும் ஆபத்துதான், இருக்கிற திராணி பயன்படாமல் கரையும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே உடம்புக்கும் சுகம், மனசுக்கும் தெளிவு.

நீங்கள் ஸ்டூலை ஒழித்தீர்கள், அது சரியான காரியம். ஆனால் நாற்காலியைச் சுற்றியே உலகத்தைக் குவித்துவிடாதீர்கள். புத்தக அலமாரி அறையின் எதிர் மூலையில் இருக்கட்டும். போன் மணி அடித்தால் எழுந்து போய் எடுக்கும் தூரத்தில் இருக்கட்டும். முடிகிற வரை நாற்காலியின் கையை அழுத்தாமல் தொடை வலுவிலேயே எழுந்திருங்கள். ஒரு நாளில் இருபது தரம் எழுந்து உட்கார்ந்தால் அது தனியாகச் செய்ய வேண்டிய பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்துவிடும்.

அபாயத்தைக் குறைப்பது சௌகரியத்தோடு சேராது, அது வேறு கணக்கு. உலகம் முழுவதும் வருடத்துக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. அதில் அதிகம் 60 வயதைத் தாண்டியவர்கள். நான் பார்த்த வரையில் வீட்டில் கவனிக்க வேண்டிய முதல் வழி, படுக்கையிலிருந்து கழிவறைக்குப் போகும் பாதை. பகலில் அதே பாதையில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பவர்கள் இரவு இரண்டு மணிக்குத் தடுமாறுகிறார்கள். படுத்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அதனால் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டுத்தான் எழ வேண்டும். தரையையொட்டி ஒரு சிறு விளக்கு இரவு முழுக்க எரியட்டும். பாதையில் மிதியடி, ஒயர், மடித்து வைத்த பாய் எதுவும் வேண்டாம்.

60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு 20 வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேர்கிறது. கண்ணின் பாப்பா சுருங்கிவிடுகிறது, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளிக்கிறது. "கண் போச்சு" என்று மருத்துவரைப் பார்க்க ஓடும் முன் பல்பை மாற்றிப் பாருங்கள் என்று நான் சொல்வதில்லை, இரண்டையும் செய்யுங்கள். படி இருந்தால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வேறு நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். தூரத்துக்கும் படிக்கவும் ஒரே கண்ணாடி போட்டிருப்பவர்கள் இறங்கும்போது கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குனிந்து பார்த்தால் படிக்கும் பாகம் வழியாகப் படி தெரியும், மங்கலாக.

இன்னொன்று. குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழாதீர்கள். அது துண்டின் பாரத்துக்கு அடித்தது. நான் போன ஒரு வீட்டில் கம்பி, திருகு, காரை எல்லாம் சேர்ந்து அந்தப் பெரியவர் கையோடு வந்திருந்தது. கைப்பிடி என்றே தனியாக விற்பதை வாங்கி உறுதியான சுவரில் ஆழமாகப் பதியுங்கள். தரையிலிருந்து 84 முதல் 91 செ.மீ. உயரம், 32 முதல் 38 மி.மீ. பருமன். கை முழுசாகச் சுற்றிப் பிடிக்க அந்தப் பருமன்தான் வசதி.


பதிவு 5 | செவ்வந்தி

கைத்தாங்கல், ரொம்ப நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கம்பியைத்தான் நானும் தினமும் பிடிக்கிறேன். இனி பிடிக்க மாட்டேன். புத்தகங்களை நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அடுக்கலாம் என்று இருந்தேன், அது அந்த மூலையிலேயே இருக்கட்டும்.

ஒற்றையடி ஐயா, உங்கள் பதிவை மூன்று தரம் படித்தேன். தனிமை எனக்கும் தெரியும். வீடு அடுக்கினால் அது போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. முன்பெல்லாம் யாராவது வருகிறேன் என்றால் எனக்குப் பதற்றம். உட்கார இடம் இல்லாமல் துணியும் பேப்பரும் கிடக்கும். "இன்னொரு நாள் வாங்களேன்" என்று தள்ளிவிடுவேன். அப்படித் தள்ளித் தள்ளியே வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். இப்போது என் நாற்காலிக்கு எதிரில் இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறேன். அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். காலியாகத்தான் இருக்கும், ஆனால் யார் வந்தாலும் அந்த நொடியே உட்காரலாம். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை பள்ளி விட்டதும் வந்து அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிவிட்டுப் போகிறது.

ஐயா, உங்கள் வீட்டில் இரண்டாவது நாற்காலி எங்கே இருக்கிறது?


பதிவு 6 | மழைத்தாள்

வணக்கம். நான் இங்க எழுதுற வயசு இல்ல, எனக்கு 43. ஆனா இந்த இழையைப் படிச்சதுல இருந்து மனசு சரியில்ல, அதனால எழுதுறேன்.

எங்க அம்மாவுக்கு 77. தனியா இருக்காங்க. வாழ்நாள் முழுக்கத் தையல் வேலை. இப்பவும் யாருக்காவது பொத்தான் வச்சுத் தருவாங்க, ஓரம் மடிச்சுத் தருவாங்க. வீடு நிறையத் துணித்துண்டு, நூல்கண்டு, பழைய டப்பா. அம்மா பத்து நாள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தப்போ நான் லீவு போட்டுட்டு வந்து மொத்தத்தையும் மாத்தினேன். அழகா ஒரே மாதிரி பெட்டிகள் வாங்கி, மேலே சீட்டு ஒட்டி, நூலை நிற வாரியா அடுக்கி, உடைஞ்ச டப்பாவை எல்லாம் தூக்கிப் போட்டு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் செஞ்சேன். அம்மா பாத்து அசந்துடுவாங்கன்னு நெனச்சேன்.

அம்மா வந்தாங்க. சுத்திப் பாத்தாங்க. "நல்லா இருக்கும்மா"ன்னு சொன்னாங்க. அப்புறம் தையல் மெஷின் முன்னால உட்கார்ந்து வலது கையைக் கீழ நீட்டினாங்க. அங்க எப்பவும் ஒரு பொத்தான் டப்பா இருக்கும், மூடி நெளிஞ்சது. கை காத்துல போச்சு. குனிஞ்சு பாத்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அதே இடத்துல கை போச்சு. மூணாவது தரம் போனதும் கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்துட்டாங்க.

இது நடந்து அஞ்சு வாரம் ஆச்சு. இப்ப போன் பண்ணி, "கத்தரி எங்க வச்சேம்மா? எடுத்துக்கட்டுமா?"ன்னு கேக்குறாங்க. அவங்க வீட்டுல, அவங்க கத்தரியை எடுத்துக்க என்கிட்ட அனுமதி கேக்குறாங்க. தைக்கிறதைக் கிட்டத்தட்ட நிறுத்திட்டாங்க. செவ்வந்தி அம்மா சொல்ற அந்த அடங்குறது எங்க அம்மாவுக்கு ஏற்கெனவே இருந்திருக்கு. அதை நான்தான் கலைச்சேன்னு தோணுது.


பதிவு 7 | கைத்தாங்கல்

மழைத்தாள், நீங்கள் அன்பில் செய்த காரியம். எனக்குத் தெரிந்த பல பிள்ளைகள் இதையே செய்திருக்கிறார்கள். என் வேலையின் முதல் வருடங்களில் நானும் செய்திருக்கிறேன், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு.

"பொத்தான் டப்பா எங்கே இருக்கிறது?" என்று யாராவது கேட்டால் யோசித்துச் சொல்வது ஒரு வகை ஞாபகம். கை தானாகப் போய் எடுப்பது வேறு வகை. சைக்கிள் ஓட்டுவது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் இந்த இரண்டாவது வகை. வயதானால் முதல் வகைதான் அதிகம் தேய்கிறது. கைப்பழக்கம் அவ்வளவாகத் தேய்வதில்லை, நெடுங்காலம் நிற்கும். அதனால் வயதான ஒருவரின் வீட்டில் பாதி ஞாபகம் தலைக்குள்ளே இல்லை, பொருள்கள் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிற நமக்குக் குப்பையாகத் தெரிவது அவர்களுக்குள் ஒரு வரைபடம். உங்கள் அம்மாவின் கை மூன்று தரம் போனதே, அது மறதி இல்லை. ஞாபகம் சரியாக வேலை செய்ததன் அடையாளம்.

இரண்டாவது, யார் தீர்மானிக்கிறார்கள் என்பது. 1976-இல் லேங்கர், ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த சோதனை உண்டு. ஒரு குழுவிடம், "உங்கள் அறை உங்கள் பொறுப்பு, எப்படி வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள், இந்தச் செடிகளில் விருப்பமானதை எடுத்து நீங்களே வளருங்கள்" என்றார்கள். இன்னொரு குழுவுக்கும் செடி கிடைத்தது, ஆனால் கொடுத்தது, தண்ணீர் ஊற்றியது எல்லாம் ஊழியர்கள். சில வாரங்களில் முதல் குழுவினர் அதிகச் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் இருந்தது செடிதான். யார் கையில் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

பழைய டப்பாக்கள் எல்லாம் போய்விட்டதா, ஏதாவது மிச்சம் இருக்கிறதா?


பதிவு 8 | செவ்வந்தி

மழைத்தாள், மனசை வருத்திக்கொள்ளாதேம்மா. "நல்லா இருக்கும்மா" என்று உன் அம்மா சொன்னது பொய் இல்லை. மகள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறாளே என்ற நிறைவில் சொல்லியிருப்பார். அந்த நிறைவும் உண்மை, கை காற்றில் போனதும் உண்மை.

என் மகனும் போன வருடம் இதே மாதிரி ஆள் வைத்து ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று நின்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. உன் அம்மாவுக்கு வரவில்லை, அல்லது கேட்கப்படவில்லை. நான்கு மாதம் ஆனதே என்று முதலில் எனக்கே அலுப்பாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்த நான்கு மாதம்தான் எனக்குக் கிடைத்த பலன். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது இனி எனக்கு வேண்டுமா, வேண்டுமென்றால் என் கை எங்கே தேடும் என்று நானே கேட்டு நானே பதில் சொன்னேன்.

நீ போய் உட்கார்ந்து, "அம்மா, நான் தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பிக்காதே. அவர் உன்னைச் சமாதானப்படுத்தவே நேரம் போய்விடும். "இதை நீங்க எப்படி வச்சிருந்தீங்க, காட்டுங்க" என்று கேள். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. அவர் சொல்லட்டும், நீ எடுத்துக் கொடு.


பதிவு 9 | ஆற்றோரம்

நான் அதிகம் எழுதுபவன் இல்லை. 69 வயது. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மற்ற அறைகளை எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டேன். அவள் அலமாரியை மட்டும் திறக்க முடியவில்லை. "இப்படியே வைத்திருந்தால் நீங்கள் தேறவே மாட்டீர்கள்" என்று உறவினர் சொல்கிறார்கள். ஒழுங்கான வீடு என்றால் அதையும் காலி செய்துதான் ஆக வேண்டுமா?


பதிவு 10 | செவ்வந்தி

வேண்டாம். அந்த அலமாரிக்கு இருக்க வேண்டிய இடத்தில்தான் அது இருக்கிறது. அதுவும் ஒழுங்குதான்.

அவர் சட்டைகளை நான் மூன்றரை வருடம் தொடவில்லை. பிறகு ஒரு மழை நாளில், யாரும் சொல்லாமல், நானே திறந்தேன். பெரும்பாலானதைக் கொடுத்துவிட்டேன். ஒரு தட்டு மட்டும் அவருக்கு: இரண்டு சட்டை, கைக்கடிகாரம், ஓரம் கிழிந்த டயரி. கடிகாரத்துக்கு இன்னும் சாவி கொடுக்கிறேன். உங்களுக்கு எந்த நாள் என்று உறவினருக்குத் தெரியாது. பூச்சி அரிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றது தானாக வரும், வராவிட்டாலும் குறை இல்லை.


பதிவு 11 | சுருதி

இசைப் பைத்தியம் என்பதால் எனக்கு இது நினைவுக்கு வந்தது. பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டீன் 80 வயதிலும் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்கிறார் என்பதற்கு அவரே சொன்ன காரணங்களை, முதுமையை ஆராய்ந்த பால் பால்டெஸ் அடிக்கடி எடுத்துக்காட்டுவார். மூன்று காரணம். வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார். குறைத்துக்கொண்டதை முன்பைவிட அதிகம் பயிற்சி செய்தார். விரல் வேகம் குறைந்துவிட்டதால், வேகமான பகுதிக்குச் சற்று முன்னால் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார், அடுத்து வருவது வேகமாகக் கேட்கும்.

செவ்வந்தி அம்மா செய்ததும் இதே வேலை என்று எனக்குப் படுகிறது. பொருள்களைக் குறைத்தார். மிச்சம் வைத்ததோடு தினமும் புழங்குகிறார். உயரத் தட்டுக்கு எட்டாத கையை வைத்துக்கொண்டு, எட்டும் உயரத்தில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார். ரூபின்ஸ்டீனை யாரும் மந்தமாகிவிட்டார் என்று சொன்னதில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள்.


பதிவு 12 | நடுமாடி

சின்ன விஷயம், யாருக்காவது உதவும். கருநீலக் காலுறையும் கறுப்புக் காலுறையும் எனக்கு வித்தியாசமே தெரியாமல் போய்விட்டது. லென்ஸ் மஞ்சளிப்பதால் நீலம் மங்கும் என்று கண் மருத்துவர் சொன்னார். இப்போது கறுப்பு ஒன்றே வாங்குகிறேன், பத்து ஜோடியும் ஒரே மாதிரி. எது எதோடு சேர்ந்தாலும் ஜோடிதான். காலையில் ஒரு சண்டை குறைந்தது.


பதிவு 13 | ஒற்றையடி

சகோதரி, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வாரம் ஆகிவிட்டது. இரண்டாவது நாற்காலி என் வீட்டில் மடித்துப் பரணில் இருந்தது. உருவம் வரைந்து மாட்டிய சுவரில்கூட அதற்கு இடம் இல்லை.

இறக்கினேன். பையனைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னேன், ஸ்டூலில் ஏறவில்லை. கீழ்வீட்டில் ஓட்டுநராக இருக்கும் பையன். இறக்கிக் கொடுத்தவன் கருவிகள் மாட்டியிருக்கும் சுவரைப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றான். "ஐயா, ஒரு குறடு இரவல் தருவீர்களா?" என்று கேட்டான். கொடுத்தேன். நான்கு நாளாகச் சுவரில் குறட்டின் உருவம் மட்டும் இருக்கிறது, குறடு இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்கிறது, நல்ல விதமாக.

நாற்காலியை எங்கே போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. ஜன்னலோரம் போடலாமா?


பதிவு 14 | கைத்தாங்கல்

ஐயா, ஜன்னலோரமே போடுங்கள், வெளியே ஒரு மரமோ தெருவோ தெரியும் பக்கமாக. 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த படுக்கையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 46 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது, அந்தப் பெரியவர் உட்காரும் இடத்திலிருந்து கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதைத்தான். பாதி வீடுகளில் சுவர்தான் தெரியும்.

காது மந்தமானால் இரண்டு நாற்காலியையும் பக்கவாட்டில் போடாதீர்கள், எதிரெதிராகப் போடுங்கள். வெளிச்சம் பேசுபவர் முகத்தில் விழட்டும். வயதில் முதலில் போவது கூர்மையான ஒலிகள். உதட்டைப் பார்க்க முடிந்தால் பாதிப் பேச்சு கண்ணாலேயே கேட்டுவிடும்.


பதிவு 15 | ஆற்றோரம்

செவ்வந்தி அம்மா, "எந்த நாள் என்று உறவினருக்குத் தெரியாது" என்று எழுதியிருந்தீர்கள். அதை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் வைத்திருக்கிறேன். அதை வைப்பதற்காகத் திறந்தேன். மூடிவிட்டேன். அவ்வளவுதான் இப்போதைக்கு.


பதிவு 16 | மழைத்தாள்

மூணு வாரமா ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க சொன்ன மாதிரியே மன்னிப்பு எதுவும் கேக்கல. "எப்படி வச்சிருந்தீங்க, காட்டுங்க"ன்னு மட்டும் கேட்டேன்.

முதல் வாரம் அம்மா ஒண்ணும் மாத்தல. "இருக்கட்டும்மா, நீ கஷ்டப்பட்டு அடுக்கினது"ன்னு சொல்லிட்டாங்க. ரெண்டாவது வாரம் நூல் பெட்டியை எடுத்து என் மடியில வச்சு, "நிறத்தைப் பாத்து அடுக்கக் கூடாது, பருமனைப் பாத்து அடுக்கணும். தொட்டுப் பாத்தா தெரியணும். என் கண்ணு சாயங்காலத்துக்கு மேல நிறத்தை நம்பாது"ன்னாங்க. எனக்கு அது தோணவே இல்ல. ஒரு மணி நேரம் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, எந்த நூல் எந்தத் துணிக்கு, எதை எதோட பக்கத்துல வைக்கணும்னு. இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல.

பொத்தான் டப்பா போயிடுச்சு, அது திரும்பாது. வேற ஒரு தகர டப்பா கொண்டுபோனேன். அம்மா அதைக் கையில வச்சு ஆட்டிப் பாத்துட்டு, மூடியை மேசை ஓரத்துல ஒரு தட்டுத் தட்டி நெளிச்சாங்க. "இறுக்கமா மூடினா என் விரலுக்குத் திறக்க வராது"ன்னாங்க. பழைய டப்பா மூடி தானா நெளிஞ்சதுன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

நான் வாங்கின பெட்டியில மூணு பிடிச்சிருக்குன்னு வச்சுக்கிட்டாங்க. மிச்சத்தை என்னையே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. தரையில கெடந்த துணித்துண்டு மூட்டையை மட்டும் அவங்களே வேண்டாம்னு சொன்னாங்க, ராத்திரி கால்ல தடுக்குதாம். அந்த மூட்டையை நான் போன தடவை தொடவே இல்ல, முக்கியமானதுன்னு நெனச்சு விட்டுட்டேன்.

நேத்து போனப்போ என் சுடிதார் ஓரம் பிரிஞ்சு நூல் தொங்குச்சு. "அம்மா, கத்தரி எங்க?"ன்னு கேட்டேன். மெஷின்ல ஏதோ தைச்சுக்கிட்டு இருந்தாங்க. தலையைத் தூக்கவே இல்ல. இடது கையைப் பின்னால நீட்டி, கதவோரத்து ஆணியில இருந்து எடுத்து, பிடி என் பக்கமா இருக்கிற மாதிரி திருப்பிக் கொடுத்தாங்க.